தண்ணீர் கேட்காத லாரி

நான் கெடுத்து வைத்த ஒரு வேலைக்காக ஊர் என்னை மூன்று வாரம் புகழ்ந்திருக்கிறது. அந்தப் பாக்கியம் எத்தனை மெக்கானிக்குக்குக் கிடைக்கும்?

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிதில், துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டு லாரி எஞ்சின் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணிக் கரையில் நெல் வயலுக்கு நடுவே பிறந்தவன் நான். தண்ணீர் என்பது தானாக ஓடிவரும் ஒரு சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகுதான், ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு என் மனைவி எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறாள் என்பதும், அந்தக் குடத்தில் கிரீஸ் கையை விட்டால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்தது.

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். ஒரு போல்ட் கழன்று வராவிட்டால் அது என்னை வேண்டுமென்றே அவமதிக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். போல்ட்டோடு நான் பேசுவதைக் கேட்பதற்கென்றே எதிர் டீக்கடையில் சிலர் கூடுதலாக ஒரு டீ குடிப்பார்கள்.

அந்த லாரி ஓர் உப்பு வியாபாரியுடையது. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வேம்பாரிலும் ஆறுமுகநேரியிலும் உப்பு ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. உப்பு இல்லாத நாளில் கருவாடு ஏற்றும். அதை ஓட்டியவர் புன்னைக்காயல்காரர், என் வயதுதான். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, வள்ளத்தில் ஏறிய நாளெல்லாம் வாந்தி எடுத்து, கடைசியில் கரையோடு நின்று ஸ்டியரிங் பிடித்தவர். ‘அலை இல்லாத எடத்துல எனக்கு ஒரு பொழப்பு குடு தாயே’ என்று மாதாவிடம் கேட்டு வாங்கிய வேலை இது என்று சொல்வார். வேம்பார் சாலையில் அவரோடு ஒருமுறை போனேன். அலை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உப்பு லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், ஆனால் அதில் ஒரு சொட்டை ரேடியேட்டரில் ஊற்ற முடியாது. ஊற்றினால் உப்பு எஞ்சினை உள்ளேயிருந்து அரித்துவிடும். அதனால் டிரைவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நல்ல தண்ணீர் கேட்பார்கள். குடத்தை இடுப்பில் வைத்திருக்கும் பெண்கள் லாரியைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். “மனுசனுக்கே இல்ல, ஒம்ம வண்டிக்குத் தாகமாக்கும்?” என்று ஒருத்தி கேட்டதை அவர் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அந்த லாரியும் பழசு. நாளுக்கு ஒரு வாளி குடிக்கும்.

புகை அதிகமாக வருகிறது என்று ஒரு நாள் அதை என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். எஞ்சினின் தலையைக் கழற்றி, தண்ணீர் கசியாமல் அடைக்கும் புது கேஸ்கட் போட்டு, டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசில்களையும் எடுத்துச் சுத்தம் செய்து மாட்டினேன். நாலாவது நாசில் மட்டும் இடத்தைவிட்டு வர மாட்டேன் என்றது. அதற்கும் எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் வந்தது.

அன்று சாயங்காலமே அவர் லாரியை மாதா கோயில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சாமியாரை வைத்து மந்திரித்தார். சாமியார் தெளித்தது போதாதென்று, டிரைவர் தானே பாட்டிலில் வைத்திருந்த தீர்த்தம் முழுவதையும் ரேடியேட்டரில் ஊற்றினார். வெளியில் தெளித்தால் தகரத்துக்குத்தானே புண்ணியம், உள்ளே போனால்தான் எஞ்சினுக்கு என்பது அவர் கணக்கு.

அதற்குப் பிறகு லாரி தண்ணீரே கேட்கவில்லை.

“மாதா மகிம வே!” என்று மூன்றாம் நாள் வந்து நின்றார். “வேம்பார் போய்ட்டு வாரேன். ஒரு சொட்டு ஊத்தல. மூடியத் தொறந்து பாத்தா வாய் வரைக்கும் நிக்குது. சொட்டுச் சொட்டா வழியக்கூடச் செய்யுது! தண்ணி மேல ஒரு மினுமினுப்பு வேற. தீர்த்தம்லா!”

விஷயம் பரவியது. ஒரு வாரத்தில் மற்ற டிரைவர்களும் பாட்டில் பாட்டிலாகத் தீர்த்தம் கொண்டுபோய் ஊற்றினார்கள். திருநீறு பூசிய ஒருவர் யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். அவர்கள் வண்டிகள் எப்போதும்போலக் குடித்தன. புன்னைக்காயல்காரர் வண்டி மட்டும் குடிக்கவில்லை.

இதையெல்லாம் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு நாள் குனிந்து முதுகு ஒடிய வேலை பார்த்தவன் நான், பேர் மாதாவுக்கா? டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: “மாதாவ நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கேஸ்கட் போட்டது இந்தக் கைதான். நான் பூட்டுன வண்டில ஒரு சொட்டு வெளிய போவாது. அதான் தண்ணி கொறையல.” உள்ளே இருப்பது வெளியே போகாது என்றால், வழிவது எங்கிருந்து வருகிறது என்று எவனும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ‘அதே வேலை’ வேண்டும் என்று மூன்று லாரிகள் என் கொட்டகைக்கு வந்து வரிசையில் நின்றன. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். சட்டைப் பொத்தான்கூட இறுக்கமாகத் தெரிந்தது.

மூன்றாவது வாரம் அண்ணாச்சி வந்தார். அவர் கையில் ஒரு மூங்கில் குச்சி எப்போதும் இருக்கும். காலையும் மாலையும் டீசல் டாங்கில் அதை விட்டுப் பார்த்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று அளப்பார். டீசல் விலை ஏறிக் கிடந்த காலம். டாங்கிலிருந்து இறக்கி விற்கும் டிரைவர்களும் ஊரில் இருந்தார்கள்.

“மூணு வாரமா டீசல் கொறையுது” என்றார். “நீ எஞ்சினத் தொட்டவன். உள்ளதச் சொல்லு. வண்டி குடிக்குதா, ஆளு குடிக்கானா?”

அப்போது நான் ‘பாத்துட்டுச் சொல்லுதேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கோ என் வேலையைச் சந்தேகப்படுகிறாரே என்றுதான் பட்டது. “என் வேலையில ஒரு கொறையும் கெடையாது அண்ணாச்சி. வண்டி குடிக்கல. மத்தத நீங்களே பாத்துக்கிடுங்க” என்றேன். ‘கள்ளன்’ என்று நான் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாதபடி சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று அண்ணாச்சி டிரைவரிடம் சொல்லிவிட்டார். டீசல் திருடியதாகப் பேர் எடுத்தவனுக்கு இந்தக் கரையில் வேம்பாரிலிருந்து திருச்செந்தூர் வரை யாரும் வண்டி கொடுக்க மாட்டார்கள். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். திரும்ப வள்ளத்தில் ஏறி வாந்தி எடுக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலையில் லாரியை என் கொட்டகை முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நீருதான் சொன்னீராமே?”

“நான் வண்டியப் பத்தித்தான் சொன்னேன்.”

“வண்டி நல்லவன்னா, அப்ப நான் யாரு வே?”

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். “அதுக்கு இப்ப என்னைய என்ன பண்ணச் சொல்லுதீரு?” என்று கத்தினேன்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம். நாளைக்குச் சாவி குடுக்கணும். தீர்த்தம் மாதாவோடது. என்னையக் கள்ளன்னு சொன்ன ஆளு வண்டில அத விட்டுட்டுப் போமாட்டேன். எடுக்க வந்தேன்.”

அதே பழைய பாட்டிலைக் கையில் வைத்திருந்தார். ஒரு பாட்டில் தீர்த்தத்தை ஒரு ரேடியேட்டர் தண்ணீரில் கலந்த பிறகு எப்படி ஓய் தனியாகப் பிரிப்பீர் என்று கேட்க என் நாக்கு துடித்தது. அன்றைக்கு அந்த நாக்குக்கு யோக்கியதை இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன். அவர் மூடியைத் திறந்து, ஒரு டம்ளரால் மேலாக மொண்டு மொண்டு பாட்டிலை நிரப்பி என் வேலை மேஜையில் வைத்தார். பிறகு மாதா படத்தைக் கழற்றுவதற்காக லாரிக்குள் ஏறினார்.

நான் வேறு ஏதோ வேலை பார்ப்பதுபோல் ஓர் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரும்புக்கு ஒரு வேலையும் தேவைப்படவில்லை. பாட்டிலை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன். கலங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்தது. தெளியத் தெளிய நடுவில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே துரு கலந்த தண்ணீர். மேலே மஞ்சளாக, இரண்டு விரல் உயரத்துக்கு வேறு ஏதோ.

படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கியவரும் அதைப் பார்த்துவிட்டார். கண் விரிந்துவிட்டது. “ஓய்! எண்ணெ வே! மந்திரிச்ச எண்ணெ! தாயே, நான் போவும்போது இதக் காட்டுதியா!” என்று பாட்டிலுக்குள் விரலை விட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

“என்னவே… பெட்ரோல் பங்க்ல நிக்க மாதிரி அடிக்கு?”

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கும் அந்த வாசம் எட்டியது, சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. கருவாடு ஏற்றும் லாரி என்பதால் மூன்று வாரமாக யார் மூக்குக்கும் அது எட்டவில்லை.

பாட்டிலிலிருந்து ஒரு சொட்டைத் தினசரிப் பேப்பரில் விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே எஞ்சின் ஆயிலில் ஒரு சொட்டு. ஆயில் கறுப்பாக நின்ற இடத்திலேயே நின்றது. மற்றது ஓடிப் பரவி, பின்பக்கத்துச் செய்தியெல்லாம் இந்தப் பக்கம் தெரிந்தது. டீசலேதான். ரேடியேட்டரின் ரப்பர் குழாயைப் பிடித்து அமுக்கினேன். டீசலில் ஊறி உப்பி, ஊறவைத்த முறுக்குபோல் கொழகொழவென்று இருந்தது. இதையெல்லாம் முதல் வாரமே பார்த்திருக்க வேண்டியவன், டீக்கடையில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

டீசல் தண்ணீருக்குள் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த எஞ்சினில் ஒவ்வொரு நாசிலும் ஒரு செம்புக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். குழாய்க்கு உள்ளே நாசில், வெளியே சுற்றிலும் தண்ணீர். நடுவில் இருப்பது அந்த மெல்லிய செம்பு மட்டும்தான். ஆறு நாசில்களையும் கழற்றினேன். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு பழைய மூடியில் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தி மூடி, சைக்கிள் பம்பை டிரைவர் கையில் கொடுத்தேன்.

“அடியும். மெதுவா.”

அவர் அடித்தார். என்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தப் பம்பில் இறங்கியது. நான் டார்ச் விளக்கோடு ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தேன். முதல் குழி காய்ந்து கிடந்தது. இரண்டு, மூன்று, அவையும் அப்படியே. நாலாவது குழியின் சுவரில் ஒரு கீறல் வியர்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் திரண்டு உள்ளே ஓடியது. நாலாவது நாசிலை எடுத்துப் பார்த்தால் அதன் நட்டும் சரியாக முறுக்கப்படாமல் டீசல் கசிந்து உடம்பெல்லாம் ஈரம். கசிந்த டீசல் குழிக்குள் நிறைந்து, கீறல் வழியாகத் தண்ணீருக்குள் போயிருக்கிறது. அதனால்தான் டாங்கில் குறைந்தது, ரேடியேட்டரில் வழிந்தது.

“எங்கனவே?” என்று கேட்டுக்கொண்டே அவர் பம்பை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். “செம்பு எப்பிடி வே கீறும்?”

நாலாவது நாசிலோடு நடந்த பேச்சுவார்த்தை எனக்கு முழுவதும் ஞாபகம் வந்தது. டயர் லீவரை உள்ளே கொடுத்து நெம்பி, சுத்தியலால் நாலு போட்டு, அதன் பரம்பரையையே திட்டித்தான் அதை வெளியே எடுத்தேன். செம்பில் ஒரு தழும்பு விழுந்ததை அன்றைக்கே டார்ச் அடித்துப் பார்த்தேன். ‘கெடக்கட்டும்’ என்றேன். அதே கோபத்தோடு அந்த நாசிலின் நட்டை அரைகுறையாக முறுக்கி மாட்டினேன்.

இப்போது ‘உப்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஊரில் எதையும் உப்பின் தலையில் கட்டிவிடலாம். உப்பு லாரி, உப்புக் காற்று, உப்பு அரித்துவிட்டது என்றால் அண்ணாச்சியும் நம்புவார், ஆண்டவனும் நம்புவார். தீர்த்தம் மந்திரிக்கும்போதுகூடச் சாமியார் ஒரு கல் உப்புப் போடுவார் என்று இவரே சொல்லியிருக்கிறார். மாதாவின் தலையிலேயே கட்டிவிட்டுப் போயிருக்கலாம். டிரைவருக்கும் பழி நீங்கும், என் பேரும் நிற்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன்.

அவர் நெற்றியில் டீசல் சிலுவை இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“நான் ஒடச்சது” என்றேன். “கோவத்துல ஒடச்சேன். பாத்துட்டும் விட்டுட்டேன்.”

அவர் பம்பை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத் திட்டுக்குப் பதில் சொல்லத் தெரியும்.

லாரியைப் பிரித்துப் போட்டிருந்ததால் என் சைக்கிளில் அண்ணாச்சி உப்பு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் போனோம். நான் மிதிக்க, அவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து பாட்டிலைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி முன்னால் அதை வைத்து, நடந்தது அத்தனையும் சொன்னேன். டயர் லீவரையும் விடவில்லை. அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், பிறகு கையிலிருந்த மூங்கில் குச்சியைப் பார்த்தார்.

“இம்புட்டு நாளும் குச்சியத் தப்பான வாயில விட்டுருக்கேன்” என்றார். என் பக்கம் திரும்பினார். “மூணு வாரமா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே, அது இந்த வேலையத்தானா?”

“இதத்தான் அண்ணாச்சி.”

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி மன்னிப்புக் கேட்கும் சாதி மனிதர் இல்லை. டிரைவரைப் பார்க்காமல், உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு, “நாளைக்குக் கோயிலுக்குப் போய்ட்டு வா. வேல முடிஞ்சதும் நீயே வண்டிய எடு” என்றார். டிரைவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் நான் பஸ் ஏறி மதுரைக்குப் போய் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கி, திங்கட்கிழமை கடை திறந்ததும் செம்புக் குழாய் வாங்கிவந்தேன். பழைய குழாய்க்குள் திருகுமரை வெட்டி, போல்ட் போட்டு, இந்த முறை கெஞ்சிக் கெஞ்சித்தான் இழுத்தேன். புதுக்குழாயைத் தட்டி இறக்கி, முனையை விரித்து, நாசில் உட்காரும் இடத்தைச் சீவி, திரும்பவும் சைக்கிள் பம்பால் அடித்துப் பார்த்தேன். ஆறு குழிகளும் காய்ந்து கிடந்தன. ஆறு நட்டுகளையும் முறுக்கியபோது ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. டீக்கடைக்காரர் எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

ரேடியேட்டரை டீசல் பிசுக்குப் போகச் சலவைச் சோடா கரைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மூன்று முறை கழுவினேன். என் வீட்டுத் தண்ணீர் ஒன்பது குடம் போனது. “ஏம்யா, டீசல் கழுவவா நான் வரிசையில நிக்கேன்?” என்று என் மனைவி குடத்தை இறக்கினாள். காரணத்தைச் சொன்னேன். பிறகு நான் கேட்காமலே அவள் பத்தாவது குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ‘அதே வேலை’க்காக நின்ற மூன்று லாரிகளும் அன்றே கிளம்பிப் போய்விட்டன.

புது ரப்பர் குழாய் மாட்டி லாரியை அனுப்பினேன். பாட்டில் மாதா படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. “கள்ளனில்லன்னு சொல்ல எனக்கு யாரு சாட்சி இருந்தா? டீசல ஒரு சொட்டு கீழ விடாமப் புடிச்சு வச்சிருந்தது யாரு?” என்று கேட்டார். கொஞ்சம் கீழேயும் வழிந்தது என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் வேம்பாரிலிருந்து திரும்பி வந்த லாரி, துறைமுகத்துக்குப் போகாமல் நேராக என் கொட்டகை முன் வந்து நின்றது. ஹாரன் நிற்கவில்லை. என்ன ஆச்சோ என்று ஓடினேன். அவர் முன்மூடியைத் தூக்கி, சூடு ஆறும்வரை பொறுக்காமல், துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“குடிச்சிருக்கு வே!” என்று சாலையில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். “ரெண்டு செம்பு குடிச்சிருக்கு! மினுமினுப்பும் இல்ல!” மனிதர் சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. “போம், தண்ணி கொண்டாரும். நீரே ஊத்தும்.”

உள்ளே போய் வீட்டுக் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு வந்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் செம்பை ஊற்றினேன். இரண்டாவதை ஊற்றும்போது, முகத்தைப் பார்க்காமல், “ஒம்மப் பத்தி அண்ணாச்சிட்ட அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது. தப்பு வே” என்றேன்.

“கேட்டுச்சு” என்றார். “மூடிய நல்லா முறுக்கும்.”